ஏழு சரக்குகளின் முன்பேரத் தடை: செபிக்கு ஒரு பருப்பு மில்காரரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய செபி (பங்குச் சந்தை, சரக்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் வாரியம்) தலைவர் அவர்களுக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும்,

நான் விருதுநகரில் பருப்பு மில் நடத்துகிறேன். கொண்டைக்கடலை வாங்கி, உடைத்து, பருப்பாகவும் மாவாகவும் விற்பது தொழில். 2021 ஆகஸ்ட் 16 அன்று, கடலையில் இனிப் புதிய முன்பேர ஒப்பந்தம் (பின்னொரு தேதிக்கான சரக்கை இன்றே பேசிய விலைக்கு வாங்கி விற்கும் ஒப்பந்தம்) கூடாது என்று உத்தரவிட்டீர்கள். அக்டோபரில் கடுகுக்கும் அதே உத்தரவு வந்தது. டிசம்பர் 20 அன்று பட்டியல் ஏழானது: பாஸ்மதி அல்லாத நெல், கோதுமை, கடலை, கடுகு, சோயா, கச்சா பாமாயில், பாசிப்பயறு. ஓராண்டுக்கு மட்டும் என்றீர்கள். 2022 டிசம்பரில் இன்னும் ஓராண்டு, 2023 டிசம்பரில் இன்னும் ஓராண்டு. 2024 டிசம்பரில் நீட்டிப்பு ஜனவரி 31 வரை என்று சுருங்கியது, அப்புறம் மார்ச் 31 வரை. சரி, திறக்கத்தான் போகிறார்கள் போல என்று எங்கள் பஜாரில் பேசிக்கொண்டிருந்தபோது 2026 மார்ச் 31 வரை என்று மறுபடியும் ஓராண்டு. 2025-இல் இதை எழுதும்போது அந்தக் கெடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

தடை நல்லதா கெட்டதா என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபடலாம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இத்தனை நீட்டிப்புகளிலும் ஏன் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. வெளியான அறிவிப்புகளில் சரக்குகளின் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, கையிலிருக்கும் பொசிஷனை (இன்னும் முடிக்காத ஒப்பந்தத்தை) முடித்துக்கொள்ள மட்டும் அனுமதி என்ற வரி இருக்கிறது. யார் என்ன முறைகேடு செய்தார்கள், எந்த விலை எந்த அளவைத் தாண்டியது, எந்த அளவுக்கு இறங்கினால் தடை விலகும் என்பது எதுவும் இல்லை.

ஒரு தனி புரோக்கர் மீது நடவடிக்கை எடுத்தால் நீங்கள் எழுதும் உத்தரவுகளைப் படித்திருக்கிறேன். பக்கம் பக்கமாக நீளும். எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எந்த ஆர்டர் போட்டார் என்பது வரை அட்டவணை இருக்கும். விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிருக்கும், அவர் தரப்பைக் கேட்டிருப்பீர்கள், கடைசியில் பங்குப் பரிவர்த்தனை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழியும் அவருக்கு உண்டு. ஒரே ஒரு ஆளின் உரிமத்தில் கை வைக்க இவ்வளவு முறை வைத்திருக்கிறீர்கள். ஏழு விளைபொருளின் சந்தையை நாடு முழுவதும் மூடுவதற்கு ஒரு பக்கத் தாள் போதுமா?

எங்கள் தொழிலில் முன்பேர ஒப்பந்தம் எதற்குப் பயன்பட்டது என்று சொல்கிறேன். உங்கள் மும்பை அலுவலகத்தில் இருந்து பார்க்கும்போது இது தெரியாமல் போயிருக்கலாம்.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், மகாராஷ்டிரம், குஜராத் பக்கம் கடலை அறுவடை பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கும். வரத்து குவியும்போது வாங்கினால்தான் மில்லுக்குக் கட்டும். கடலை மாவு தேவை ஆடிக்குப் பிறகு ஏறி, தீபாவளிக்கு உச்சத்தைத் தொடும். பக்கத்தில் சாத்தூரில் காராச்சேவு போடுகிறவர்களில் இருந்து மதுரை ஸ்வீட் ஸ்டால்கள் வரை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சரக்கு வேண்டும். ஆக, சித்திரையில் வாங்கிய கடலை ஐப்பசி வரைக்கும் கிட்டங்கியில் கிடக்கும். அது என் பணம் இல்லை, பெரும்பகுதி வங்கிப் பணம். இடையில் விலை குவிண்டாலுக்கு ஐந்நூறு ரூபாய் இறங்கினால் வருஷம் முழுக்க உடைத்த கூலி போய்விடும்.

கிட்டங்கியில் சரக்கு இறங்கிய அன்றே அதே அளவுக்கு முன்பேரத்தில் விற்று வைப்போம். ஒரு லாட் (ஒரு ஒப்பந்தத்தின் அளவு) 10 டன். விலை இறங்கினால் கிட்டங்கியில் நட்டம், முன்பேரச் சந்தைத் திரையில் லாபம். ஏறினால் அது தலைகீழ். இரண்டும் கழிந்து, உடைப்புக் கூலி மட்டும் கையில் நிற்கும். எங்களைப் போன்றவர்கள் கேட்டதெல்லாம் அந்தக் கூலியைத்தான். கடலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டாமல் இருப்பதற்கு இருந்த ஒரே வழி அது. விலைப் பந்தயத்தை ஒழிக்கிறோம் என்று அந்த வழியை மூடியதில், கிட்டங்கி நிறையக் கடலையும் வங்கிக் கடனும் வைத்திருக்கும் ஒவ்வொரு மில்காரரும் விருப்பமில்லாமலே பந்தயக்காரர் ஆகிவிட்டோம்.

2021 ஆகஸ்ட் 16 ஒரு திங்கட்கிழமை. முன்பேரத்தில் விற்ற நிலையில் இருந்தவர்களுக்கு அன்று என்ன நடந்தது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா தெரியவில்லை. புதிதாக யாரும் உள்ளே வரக் கூடாது, இருப்பவர்கள் வெளியேறலாம் என்றால், வாங்கி முடிக்க வேண்டியவனுக்கு எதிரே விற்க ஆள் குறைந்துவிடும். அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாற்றிக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் புதிய பொசிஷனே கூடாது. சரக்கோ இன்னும் கிட்டங்கியில் இருக்கிறது. மழைக்காலத்தில் கையிலிருக்கும் குடையைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான். எங்கள் புரோக்கர் நல்ல மனிதர், போனில் அவரால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: "அண்ணாச்சி, கிடைக்கிற விலைக்கு முடிச்சுக்கிடுங்க." முடித்தோம். அதற்குச் சுமார் ஆறு வாரம் முன்பு, ஜூலை 2 அன்று, பாசிப்பயறு தவிர்த்த பருப்பு வகைகளுக்கு மத்திய அரசு இருப்பு வரம்பு விதித்திருந்தது. இருப்பைக் குறை என்று ஒரு பக்கம், இருக்கும் இருப்புக்குப் பாதுகாப்பு கிடையாது என்று இன்னொரு பக்கம்.

வங்கி மேலாளரிடம் போய் இதைச் சொன்னால் அவர் கேட்டது நியாயமான கேள்வி: "விலை விழுந்தா கடனுக்கு என்ன ஈடு?" முன்பு முன்பேரக் கணக்கின் நகலைக் காட்டுவேன். இப்போது காட்ட ஒன்றும் இல்லை. கடன் வரம்பு குறைந்தது. அறுவடைக் காலத்தில் வாங்கும் அளவும் குறைந்தது. தீபாவளி நெருக்கத்தில் பெரிய நிறுவனங்களிடம் அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்கி உடைக்கும் நிலைக்கு எங்களில் பல மில்கள் வந்தன.

இனி விலைவாசிக்கு வருகிறேன். தடைக்குக் காரணம் உணவுப் பணவீக்கம் என்று பத்திரிகைகள் எழுதின. அப்படியே வைத்துக்கொள்வோம். தடை வந்த அடுத்த பருவத்தில், 2022-இல், கடலைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,230 ரூபாய். அறுவடை நேரத்தில் சந்தை விலை அதற்குக் கீழே கிடந்தது. அரசுக்காக நாஃபெட் என்ற கூட்டுறவுக் கொள்முதல் அமைப்பு களத்தில் இறங்கி லட்சக்கணக்கான டன் வாங்க வேண்டியிருந்தது. 2023-இல் ஆதரவு விலை 5,335, அந்த அறுவடையிலும் அதே கதை. அந்த ஆண்டு ஜூலையில் அரசே தன் கையிருப்புக் கடலையை உடைத்து 'பாரத் தால்' என்று கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. விவசாயிக்கு ஆதரவு விலைகூடக் கிடைக்காத ஒரு சரக்கில், விலை ஏறிவிடும் என்று பயந்து முன்பேரத்தை மூடி வைத்திருந்தீர்கள். 2022 டிசம்பரில் நீட்டித்தபோது இந்தக் கணக்கை யாரும் பார்க்கவில்லையா?

அப்புறம் 2024. விளைச்சல் குறைந்தது, விலை ஏறியது. மே மாதம் நாட்டுக் கடலைக்கு இறக்குமதி வரியை அரசு நீக்கியது. ஜூன் 21 அன்று துவரைக்கும் கடலைக்கும் செப்டம்பர் 30 வரை இருப்பு வரம்பு போட்டது. முன்பேரமே இல்லாத சந்தையில் ஏறிய விலை இது. துவரையைப் பாருங்கள். 2007 ஜனவரியில் துவரைக்கும் உளுந்துக்கும் முன்பேரத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் 2015-இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய் போனதை நாட்டில் சமையல் செய்கிற யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்னும் சொல்லப்போனால், 2007 தடைகளுக்குப் பிறகு அரசே அமைத்த அபிஜித் சென் குழு, முன்பேர வர்த்தகத்தால்தான் விலை ஏறியது என்று உறுதியாகச் சொல்லும்படி தரவுகள் காட்டவில்லை என்றுதான் 2008-இல் அறிக்கை கொடுத்தது. முன்பேரத்தால் விலை ஏறவே ஏறாது என்றும் அந்தக் குழு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகாவது ஒவ்வொரு தடைக்கும் தரவோடு காரணம் எழுதும் பழக்கம் வந்திருக்க வேண்டும் என்கிறேன்.

பாமாயில் இன்னும் வேடிக்கை. சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் நாம் வெளிநாட்டில் இருந்து வாங்குகிறோம். பாமாயில் விலை கோலாலம்பூரில் தீர்மானமாகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியபோது, இங்கே எண்ணெய் வியாபாரிக்கு விலைப் பாதுகாப்பு தேட உள்நாட்டில் இடம் இல்லை. வெளிநாட்டுச் சந்தையில் கணக்கு வைத்துக்கொள்ள வசதியுள்ள பெரிய சுத்திகரிப்பு நிறுவனங்கள் மலேசியச் சந்தையில் பார்த்துக்கொண்டன. டின் கணக்கில் எண்ணெய் வாங்கி விற்கும் மொத்த வியாபாரி என்ன செய்வார்? இந்தியாவில் மூடியதால் உலக விலையில் ஒரு ரிங்கிட்கூட அசையவில்லை.

உங்களுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தது முன்பேரச் சந்தை ஆணையம். 1952 சட்டத்தின் கீழ் 1953-இல் வந்தது. அரசுத் துறையின் கீழ், கையில் அதிகாரம் இல்லாமல் அறுபது வருஷம் இருந்தது. முறைகேடு செய்தவருக்கு நேரடியாக அபராதம் விதிக்க முடியாது, நீதிமன்றம் போக வேண்டும். ஆப்ஷன் ஒப்பந்தங்களை (விரும்பினால் மட்டும் வாங்கவோ விற்கவோ உரிமை தருபவை) அனுமதிக்கவும் சட்டத்தில் இடமில்லை. அதைப் பலப்படுத்த 2010-இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமலே போனது. அந்தச் சட்டத்தில் இருந்து 2007-இல் கொடுத்த ஒரு விலக்கைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த நேஷனல் ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் என்ற சரக்குச் சந்தை 2013 ஜூலை 31 அன்று கதவைச் சாத்தியபோது, சுமார் 13,000 பேரின் சுமார் 5,600 கோடி ரூபாய் மாட்டிக்கொண்டது. கிட்டங்கிகளில் இருக்க வேண்டிய சரக்கு இல்லை. அதனால்தான் 2015 செப்டம்பர் 28 அன்று அந்த ஆணையத்தை உங்களோடு இணைத்தார்கள். மோசடிக்கும் நியாயமற்ற வணிகத்துக்கும் உங்கள் சட்டப்படி 25 கோடி ரூபாய், அல்லது அடித்த லாபத்தைப் போல் மூன்று மடங்கு, எது அதிகமோ அது வரை அபராதம் போட முடியும். இந்தத் தொழிலில் உள்ள நாங்கள் அன்று உண்மையிலேயே சந்தோஷப்பட்டோம். ஆளைப் பிடிக்கும் அதிகாரம் உள்ளவர் வந்துவிட்டார், இனிச் சந்தையை மூடும் பழக்கம் போய்விடும் என்று நினைத்தோம்.

போகவில்லை. கடலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2008 மேயில் பழைய ஆணையம் நிறுத்தியது, அந்த ஆண்டு முடிவதற்குள் திறந்தது. 2016 ஜூலையில் நீங்கள் நிறுத்தினீர்கள், 2017 ஜூலையில் மறுபடி ஒப்பந்தம் வந்தது. 2021-இல் மூன்றாம் முறை. அதிகாரம் இல்லாத ஆணையம்கூடச் சில மாதங்களில் திறந்துவிட்டது. அதிகாரம் நிறைய உள்ளவர்கள் கையில்தான் பூட்டு ஆண்டுக்கணக்கில் தொங்குகிறது.

சூதாட்டம் நடக்கவில்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. 2012-இல் கொத்தவரை விதை விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச முடியாது. அதே ஆண்டுக் கடைசியில் கொச்சியில் கிட்டங்கி மிளகில் மினரல் ஆயில் கலந்திருக்கிறது என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆயிரக்கணக்கான டன்னுக்குச் சீல் வைத்ததும் நடந்ததுதான். கடலையிலும் 2016 போன்ற நாட்களில் கையில் ஒரு மூட்டைகூட இல்லாதவர்கள் பெரிய பெரிய பொசிஷன் வைத்திருப்பதாக எங்களுக்கே எரிச்சல் இருந்தது. நாங்கள் கேட்டது அவர்களைப் பிடியுங்கள் என்று. அதற்கான கருவிகள் உங்கள் கையில் இருக்கின்றன. மார்ஜினை (ஒப்பந்தம் போடும்போது கட்டும் பிணைத் தொகையை) ஏற்றலாம். ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய அளவைக் குறைக்கலாம். தினசரி விலை வரம்பை இறுக்கலாம். டெலிவரியைக் கட்டாயமாக்கலாம். கிட்டங்கிக்கு ஆள் அனுப்பி மூட்டையை எண்ணலாம், மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். விவசாயி, மில்காரர், தன் கணக்கில் வியாபாரம் செய்யும் புரோக்கர் என்று எந்த வகையினர் எவ்வளவு பொசிஷன் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சந்தைகள் வெளியிட வேண்டும் என்று 2019-இல் விதி போட்டதே நீங்கள்தான். 2021 ஆகஸ்டில் அந்தக் கணக்கு என்ன சொன்னது? அதையாவது மக்களிடம் சொல்லியிருக்கலாம்.

இந்தக் கருவிகள் வேலை செய்யும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம், பருத்தி இருக்கிறது. 2022-இல் ஒரு கண்டி (சுமார் 356 கிலோ) பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டபோது ஜவுளித் துறையில் இருந்தே முன்பேரத்தை நிறுத்தச் சொல்லிக் குரல் வந்தது. எம்சிஎக்ஸ் என்ற சரக்குச் சந்தையில் புதிய ஒப்பந்தங்கள் நின்றன. ஆனால் அங்கே அத்தோடு விடவில்லை. ஒப்பந்த விதிகளைத் திருத்தினார்கள், பேல் கணக்கு கண்டிக் கணக்காக மாறியது, 2023 பிப்ரவரியில் மறுபடி வர்த்தகம் தொடங்கியது. பருத்திக்குச் செய்ய முடிந்ததைக் கடலைக்குச் செய்ய முடியாதா?

நெல் ஏன் பட்டியலில் வந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் ஊரில் இருந்து தஞ்சாவூர் வரை நெல் பிடிக்கும் வியாபாரிகள் பலரைத் தெரியும். சாதா நெல்லை முன்பேரச் சந்தையில் வாங்கினேன், விற்றேன் என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1980 ஜனவரியில் சோவியத் ஒன்றியத்துக்குத் தானியம் விற்பதை அமெரிக்கா நிறுத்தியது. சந்தை கவிழ்ந்துவிடும் என்று அங்குள்ள முன்பேர ஒழுங்குமுறை ஆணையம் கோதுமை, மக்காச்சோளம், ஓட்ஸ், சோயா வர்த்தகத்தை நிறுத்தி வைத்தது. எத்தனை நாள்? இரண்டு நாள். அதே நாட்டில் வெங்காய முன்பேரத்துக்கு 1958-இல் நிரந்தரத் தடை வந்தது. அதைக் கொண்டுவந்தது நாடாளுமன்றம், விவாதித்து, சட்டமாக. முடிவு சரியோ தப்போ, எடுத்தவர் யார் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை.

இங்கே எடுத்தவர் யார்? கோரிக்கைகளுக்குப் போகும் முன் நான் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. செபி சட்டத்தின் 16-ஆவது பிரிவு, கொள்கை விஷயங்களில் மத்திய அரசு எழுத்து மூலம் கொடுக்கும் உத்தரவுக்கு வாரியம் கட்டுப்பட வேண்டும் என்கிறது. உத்தரவு கொடுக்கும் முன் இயன்றவரை வாரியத்தின் கருத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. விலைவாசி அரசின் கவலை, அதில் அரசு முடிவெடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்படியானால் அந்த எழுத்து எங்கே? அதற்கு வாரியம் சொன்ன கருத்து என்ன? அரசு சொல்லாமல் நீங்களே எடுத்த முடிவு என்றால், அதற்கான ஆய்வு எங்கே? இரண்டில் எது என்று தெரியாமல், நாங்கள் மனுவை டெல்லிக்கு அனுப்புவதா, மும்பைக்கு அனுப்புவதா? முன்பேர வர்த்தகத்துக்கு அனுமதிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலை அரசு 2024 மார்ச்சில் 91-இல் இருந்து 104 ஆக உயர்த்தியது. முன்பேரமே கூடாது என்று அரசு நினைக்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. அப்படியிருக்க, இந்த ஏழு மட்டும் ஏன் மூடிக் கிடக்கின்றன?

மூடியதில் பந்தயமாவது நின்றதா என்றால் அதுவும் இல்லை. தடை வந்து சில மாதங்களில் எனக்கே ஒருவர் போன் செய்தார். கடலையில் லாட் வேண்டுமா, மார்ஜின் குறைவு, வாட்ஸ்அப்பில் போட்டால் போதும், கணக்குச் சீட்டு வாரக் கடைசியில் என்றார். டப்பா வர்த்தகம், அதாவது சந்தைக்கு வெளியே கணக்கில் வராமல் நடக்கும் பந்தயம். சட்டப்படி குற்றம் என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் மறுத்துவிட்டேன், எல்லோரும் மறுத்திருப்பார்கள் என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. அந்த வர்த்தகத்தில் உங்கள் மார்ஜின் விதியும் கிடையாது, பொசிஷன் வரம்பும் கிடையாது, பணம் போனால் புகார் கொடுக்க முகவரியும் கிடையாது.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. முன்பு ராஜஸ்தானின் பிகானேர் கடலை விலையைத் திரையில் பார்த்து, லாரி வாடகையைக் கூட்டி, இங்கே என்ன விலைக்கு அடங்கும் என்று நானே கணக்குப் போடுவேன். கமிஷன் மண்டிக்காரரும் அதையே பார்ப்பார், அங்கே விற்கும் விவசாயியும் செல்போனில் அதையே பார்ப்பார். இப்போது காலையில் புரோக்கர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் ரேட்தான். நாலு பேர் நாலு விலை சொல்வார்கள். ஆஸ்திரேலியாவிலும் தான்சானியாவிலும் ஆள் வைத்துக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்கிறவர்களுக்கு விளைச்சல் என்ன, விலை என்ன என்பது எங்களுக்கு முன்பே தெரியும். அவர்களும் நாங்களும் ஒரே விலையைப் பார்த்த இடம் அந்தத் திரை ஒன்றுதான்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

2021-இல் இருந்து போட்ட ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நீட்டிப்புக்கும் உரிய காரணத்தை, பயன்படுத்திய தரவோடு வெளியிடுங்கள். 16-ஆவது பிரிவின் கீழ் அரசு எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தையும் உங்கள் பதிலையும் வெளியிடுங்கள். எழுதவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

இனி எந்த விளைபொருளின் முன்பேரத்தை நிறுத்துவதாக இருந்தாலும், எந்த நிலை வந்தால் தடை விலகும் என்பதை உத்தரவிலேயே எழுதுங்கள். தொண்ணூறு நாளுக்கு மேல் போனால் விவசாயிகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், மில்காரர்கள் தரப்பைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எழுத்தில் காரணம் சொல்லாமல் நீட்டிக்க முடியாது, சொல்லாவிட்டால் தடை தானாக விலகும் என்று விதி செய்யுங்கள். மார்ஜின், பொசிஷன் வரம்பு, கட்டாய டெலிவரி ஆகியவற்றை முதலில் பயன்படுத்திப் பார்த்தோம், போதவில்லை என்று காட்டிய பிறகே நிறுத்தம் வர வேண்டும். நிறுத்தினாலும், கிட்டங்கியில் சரக்கு இருப்பதற்கு ஆதாரம் காட்டுகிறவர்கள் தங்கள் பொசிஷனை அந்தச் சரக்கு விற்கும் வரை அடுத்த மாதத்துக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கொடுங்கள்.

கடலை, கடுகு, சோயா, பாமாயில் ஒப்பந்தங்களைத் திறந்துவிடுங்கள். ஒரேயடியாக வேண்டாம் என்று தயங்கினால் கடலையில் தொடங்குங்கள். முதல் ஆண்டு கடுமையான வரம்போடு வையுங்கள், சரக்கு இல்லாதவர்களுக்கு மார்ஜினைக் கூட்டி வையுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. லாட் 10 டன்னுக்குப் பதில் ஐந்தாக இருந்தால் சின்ன மில்களும் உழவர் நிறுவனங்களும் உள்ளே வர முடியும். டெலிவரி மையம் ஒன்று தெற்கிலும் வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறது.

கடைசியாக, 2026 மார்ச் 31 கெடு பற்றி. முந்தைய நீட்டிப்புகள் எல்லாம் கெடு முடியும் தறுவாயில் வந்தவை. இந்த முறை என்ன முடிவாக இருந்தாலும் ஜனவரிக்குள் சொல்லிவிடுங்கள். புதுக் கடலை பிப்ரவரியில் வரத் தொடங்கும். எவ்வளவு வாங்குவது, வங்கியில் எவ்வளவு கேட்பது என்று நாங்கள் அதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

இப்படிக்கு,
விருதுநகர் பருப்பு மில்காரர் ஒருவர்